ஆயிரத்தால் வகுத்த சாம்பார்

சுந்தர்சிங் அண்ணாச்சிக்குச் சமைக்கத் தெரியாதுன்னு யாராவது சொன்னா அது பொய். நல்லாவே தெரியும். ஆனா ரெண்டாயிரம் பேருக்குத்தான் தெரியும். ரெண்டு பேருக்குத் தெரியாது.

அவருக்குச் சொந்த ஊரு நாசரேத்துப் பக்கம். அங்கன அவங்க கோயில் பண்டிகைக்கு வருஷா வருஷம் அசனம் நடக்கும். வசதியானவன், கூலிக்காரன், ஒருத்தனுக்கொருத்தன் பேச்சுவார்த்தை இல்லாதவன் எல்லாரும் ஒரே பந்தலுக்குள்ள உக்காந்து ஒரே சோத்தச் சாப்பிடுத விருந்து. ரெண்டாயிரம் இலை விழும். அந்த அசன அடுப்புக்கு இருபத்தாறு வருஷம் அண்ணாச்சிதான் பொறுப்பு. வேலை என்னமோ தூத்துக்குடி ஹார்பர்ல டாலி கிளார்க். கப்பல்ல இருந்து இறங்குத மூட்டைய ஒண்ணு விடாம எண்ணி எழுதுத உத்தியோகம். பண்டிகை வந்தா மூணு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருவாரு. எட்டு மூட்டை அரிசி, முப்பது கிலோ பருப்பு, உப்பக் கரைச்சு வச்ச வாளி, எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பாரு. அந்தச் சாம்பாரை நானும் ஒரு தடவை போய்ச் சாப்பிட்டிருக்கேன். நான் கடக்கரை ஊரான மணப்பாட்டுக்காரி. மீன் இல்லாத குழம்பக் குழம்புன்னே மதிக்க மாட்டேன். நானே ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினேன்.

அப்படிப்பட்ட மனுசன் வீட்டுல ஒரு நாள் வெந்நி வச்சதில்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா, மாப்பிள்ளையூரணியில அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு மதிலுதான். எம் பேரு பிளாரன்ஸ். எங்க வீட்டுக்காரரு மரியானுக்குக் கப்பல்ல வேலை, வருஷத்துல ஒம்பது மாசம் வீட்டுல இருக்க மாட்டாரு. என் குசினி ஜன்னலத் திறந்தா அவங்க அடுக்களை ஜன்னல். எங்க கடக்கரையில குசினிம்போம், அவங்க அடுக்களைம்பாங்க. எப்படிச் சொன்னாலும் தாளிக்கிற மணம் இங்கன வந்துரும், கருகுத மணமும் வந்துரும்.

அண்ணாச்சி வீட்டம்மா கிருபை டீச்சர். கணக்கு டீச்சர். பேருதான் கிருபை, முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக் கூட கிரேஸ் மார்க் போட்டதில்ல. முப்பத்தி நாலு எடுத்தா முப்பத்தி நாலுதான். பிள்ளையோட அப்பா வந்து அழுதா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்து உக்கார வைப்பாங்க, மார்க்க மாத்த மாட்டாங்க. நான் கூட ஒரு தடவை கேட்டேன், ஒரு மார்க்குல என்ன டீச்சர் கொறஞ்சு போகுதுன்னு. "இல்லாத மார்க்கப் போட்டா அது பொய்யி பிளாரன்ஸ். நாளைக்கு அவன் அந்தப் பொய்ய நம்பி நிப்பான்" அப்படின்னாங்க. அதோட நான் கேக்கதில்ல.

இந்த டீச்சருக்கு ஒரு பொருத்தனை இருந்துச்சு, ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு. பத்தொம்பது வயசுல சாத்தான்குளத்துல ஒரு கன்வென்ஷனுக்குப் போயிருக்காங்க. பிரசங்கியார், "உங்க ஆயுசுல ஒரே ஒரு வருஷம் வடக்க போயி ஊழியம் செய்ய யாருக்கு மனசிருக்கு, எழுந்திரிங்க"ன்னு கேட்டிருக்காரு. டீச்சர் எழுந்திரிச்சு நின்னுட்டாங்க. படிப்பு முடிச்சு வேலைக்குச் சேந்ததும் கல்யாணப் பேச்சு வந்துட்டு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்களாம், இப்படி ஒரு பொருத்தனை இருக்குன்னு. அண்ணாச்சியும், "ஒரு வருஷம்தானே, தாராளமாப் போயிட்டு வரலாம்"னு ஒத்துக்கிட்டாரு. பெறகு ஜெப்ஸி பொறந்தா. பெறகு ஜெப்ஸி படிச்சா. பெறகு ஜெப்ஸிக்குக் கல்யாணம். ஒரு வருஷம்தானேன்னு சொல்லிச் சொல்லியே முப்பத்தஞ்சு வருஷம் போயிட்டு.

இப்ப ஒடிசாவுல ஒரு மலையோரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேணும்னு மிஷனெரி சங்கத்துல இருந்து லெட்டர் வந்துச்சு. ஒரு வருஷம். ஜூன் மாசம் சேரணும், வாரேன் வரலைன்னு மே முப்பத்தொண்ணுக்குள்ள சொல்லணும். அறுபது முடியுறதுக்குள்ள திரும்பி வந்துரணும்னு ஒரு ரூலு. டீச்சருக்கு அம்பத்தொம்பது நடக்குது. இந்த வருஷம் போகலைன்னா அந்தப் பொருத்தனைய மறந்துர வேண்டியதுதான். டீச்சர் விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு ஏப்ரல் கடைசியில வீட்டுக்கு வந்துட்டாங்க. பெட்டிய இறக்கித் தொடைச்சு வெயில்ல வச்சிருந்தாங்க. பெட்டியில ஒரு துணி வைக்கல.

ஏன்னா அண்ணாச்சி சாப்பாடு.

ஜெப்ஸி பிரசவத்துக்கு டீச்சர் பெங்களூருக்குப் போன ஒம்பது நாளும் அண்ணாச்சி மூணு நேரமும் பரோட்டா தின்னாரு. ஏற்கெனவே சுகரும் பிரஷரும் உள்ள ஒடம்பு. பத்தாவது நாள் நான்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேத்தேன். டாக்டர் என்னையத் திட்டினாரு, நான் என்னமோ பரோட்டா போட்டுக் குடுத்த மாதிரி. மெஸ்ல கேரியர் சொல்லிரலாமேன்னு கேட்டா, டீச்சர் நம்பல. "ரெண்டு மாசம் ஒழுங்காச் சாப்பிடுவாரு. மூணாவது மாசம் கேரியரைத் திருப்பி அனுப்பிட்டுக் கடையில போய் நிப்பாரு. எனக்குத் தெரியாதா இவர?" மக வீட்டுக்குப் போகச் சொன்னா அண்ணாச்சிக்குக் குளிரு ஆகாது.

ஒரு நாள் காலையில, ரிட்டையராகி வீட்டோட இருந்த அண்ணாச்சியே பேப்பர மடிச்சு வச்சுட்டுச் சொன்னாரு.

"நான் பொங்கிக்கிடுதேன். நீ போ கிருபை."

டீச்சர் திரும்பிக் கேட்டாங்க. "ரெண்டாயிரம் பேருக்கா?"

"வீட்டுச் சமையல்தான். படிச்சா வரும்லா. இந்த வருஷம் என் லட்சியம் அதுதான்."

"லட்சியம்னு சொல்லாதீங்க. தெரியும்னா தெரியும்னு காட்டுங்க. நான் பரிட்சை வைப்பேன்."

பரிட்சை விதிமுறைய டீச்சர் ஒரு தாள்ல எழுதி பிரிட்ஜுல ஒட்டினாங்க. மூணு வாரம் பயிற்சி. கடைசி வாரம் ஏழு நாள் பிராக்டிகல். ஏழு நாளும் பாஸாகணும், ஒரு நாள் ஃபெயிலானாலும் டீச்சர் போக மாட்டாங்க. பிராக்டிகல்னா இன்டர்னல் ஒருத்தரு, எக்ஸ்டர்னல் ஒருத்தரு வேணுமாம். இன்டர்னல் டீச்சர். எக்ஸ்டர்னல் நான். தினம் பன்னெண்டரைக்கு மதில் மேல ஒரு கிண்ணம் வரும், நான் ருசி பாத்து மார்க் சொல்லணும். பரிட்சை வைக்கிற ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது, அது கேள்வித்தாள வெளிய விடுத மாதிரின்னுட்டாங்க. நான் பத்தாங்கிளாஸோட நிறுத்தினவ. என்னைய எக்ஸ்டர்னல்னு சொன்னது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

மொத நாள் அண்ணாச்சி அசன நோட்ட எடுத்து அடுக்களை மேடையில விரிச்சாரு. ரெண்டாயிரம் பேருக்கு உள்ள அளவு இருக்கு. வேண்டியது ரெண்டு பேருக்கு. அப்ப எல்லாத்தையும் ஆயிரத்தால வகுத்தா முடிஞ்சுது. எட்டு மூட்டை, அதாவது இருநூறு கிலோ அரிசி. ஆயிரத்தால வகுத்தா இருநூறு கிராம். பொங்கினாரு. சோறு பூவா வந்துச்சு. சனியன், அதுதான் தப்பாப் போச்சு. அது கொழஞ்சிருந்தா மனுசன் நோட்ட மூடி வச்சிருப்பாரு.

அடுத்து சாம்பார். முப்பது கிலோ பருப்பு முப்பது கிராம் ஆச்சு. பெருங்காயம் அரைக் கிலோ, அது அரைக் கிராம். அரைக் கிராம நிறுக்க வீட்டுத் தராசுல வழியில்ல. நகை வேலை பாக்க நல்லக்கண்ணு ஆசாரிகிட்டப் போயி அவரு தங்கம் நிறுக்கத் தராசுல பெருங்காயத்த வச்சு நிறுத்துட்டு வந்தாரு. ஆசாரி ஒரு வாரம் செஞ்ச கம்மல் எல்லாம் பெருங்காயம் மணத்துச்சுன்னு ஒரு கம்ப்ளைன்ட். அது வேற கதை.

அளவெல்லாம் வகுத்தவரு நேரத்த வகுக்க மறந்துட்டாரு. அசனச் சாம்பார் மூணு மணி நேரம் கொதிக்கும்னு நோட்டுல எழுதியிருக்கு. முப்பது கிராம் பருப்ப மூணு மணி நேரம் கொதிக்க விட்டுட்டு அண்ணாச்சி நாற்காலியப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. என் ஜன்னல்ல கருகுத மணம் வந்து நான் கத்தினபெறகுதான் மூடியத் திறந்தாரு. உள்ள கறுப்பா ஒரு வட்டம் இருந்துச்சு. அதையும் சொரண்டி ஒரு கிண்ணத்துல போட்டு மதில் மேல வச்சாரு. எக்ஸ்டர்னலுக்கு அனுப்பணும்னு விதி இருக்காம்.

"எவ்வளவு பிளாரன்ஸ்?" டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாங்க.

"முட்டை டீச்சர்."

"நானும் அதேதான்" அப்படின்னு எழுதிக்கிட்டாங்க.

மறுநாள் நேரத்தையும் ஆயிரத்தால வகுத்தாரு. மூணு மணி நேரம் பத்து செகண்டு சொச்சம் ஆச்சு. பருப்பு கடகடன்னு உருண்டுச்சு. நாலாவது நாளுதான் நேரத்த வகுக்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது, பருப்பப் பாத்து முடிவு பண்ணணும்னு அவருக்கே பிடிபட்டுச்சு. நோட்டுல பெரிய எழுத்துல எழுதி அடியில கோடு போட்டாரு. நாப்பது வருஷமா எங்கம்மா, நான், டீச்சர் எல்லாரும் எழுதாம செஞ்சிக்கிட்டிருக்கத ஒரு மனுசன் நாலே நாள்ல கண்டுபிடிச்சிட்டாரு.

அதுக்குப் பெறகு எல்லாம் படிஞ்சு வந்துச்சு, உப்பத் தவிர. புளிக்குழம்பு நல்ல நிறம், நல்ல கொழகொழப்பு, வாயில வச்சா உப்பே இல்ல. மறுநாள் அவியல்ல ஒரு கைப்பிடி. அதுக்கு மறுநாள் ரசம், பச்சத்தண்ணி. ஒரு நாள் கொறவு, ஒரு நாள் கூட, நிதானமே கிடையாது. ஊரைச் சுத்தி உப்பளம். இந்த ஊருல இருந்துக்கிட்டு உப்புல ஃபெயிலாகுதாரேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

பதினோராவது நாள் எனக்குப் பொறுமை போயிட்டு. கிண்ணத்த எடுத்துக்கிட்டு நேரா அவங்க அடுக்களைக்குள்ள போயிட்டேன். டீச்சர் காய் வாங்கப் போயிருந்தாங்க.

"அண்ணாச்சி, இதுல உப்பு போட்டீங்களா?"

"போட்டேனே. ஒரு கிராம்."

"ருசி பாத்தீங்களா?"

அண்ணாச்சி என்னையப் பாத்தாரு, காணிக்கைப் பையில கைய விட்டியான்னு கேட்ட மாதிரி.

"ஜெபம் பண்ணாம எப்படி ருசி பாக்கது?"

அப்பதான் வெளிய வந்துச்சு. அவங்க ஊரு அசனத்துல ஐயரு வந்து ஜெபம் பண்ணுற வரைக்கும் ஒரு சொட்டு யாரும் நாக்குல வைக்கக் கூடாது. ஐயருன்னா அவங்க சாமியாரு. அடுப்புல நிக்கவனுக்கும் அதே கட்டுப்பாடுதான். இருபத்தாறு வருஷமா இந்த மனுசன் ரெண்டாயிரம் பேருக்கு ருசி பாக்காமலே சமைச்சிருக்காரு. அதே பழக்கத்துல வீட்டுலயும், டீச்சர் சாப்பாட்டு மேசையில ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் நாக்குல ஒண்ணையும் தொடுததில்ல.

"அப்ப அசனத்துல உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. விசுவாசந்தான்."

"ஒரு வருஷம் கூடவா தப்பல?"

"ரெண்டாயிரம் பேரு சாப்பிடுத எடத்துல உப்பு கொறவுன்னு ஒருத்தன் சொன்னா, கூடன்னு ஒருத்தன் சொல்லுவான். கூட்டிக் கழிச்சா சரியா வந்துரும்."

"இங்கன ரெண்டு பேருதான் அண்ணாச்சி இருக்கீங்க. கூட்டிக் கழிக்க ஆளில்ல."

அவரு யோசிச்சாரு. "அப்ப ஜெபத்த முன்னாடியே பண்ணிரலாம்" அப்படின்னாரு.

நல்ல யோசனைதான். ஆனா அண்ணாச்சி ஜெபம் உங்களுக்குத் தெரியாது. மறுநாள் குழம்பு கொதிக்கும்போது கரண்டியக் கையில பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடினாரு. தேசத்துக்காக, மழைக்காக, ஹார்பர்ல வேலை பாக்கவங்களுக்காக, கடல்ல இருக்க மரியானுக்காக, வியாதிக்காரங்களுக்காக, ஜெப்ஸி குடும்பத்துக்காக. எங்க வீட்டுக்காரரு பேரு வந்ததுனால நானும் இடையில பேசல. ஆமென் சொல்லிக் கண்ணத் திறக்கதுக்குள்ள குழம்பு அடிபிடிச்சிருச்சு.

"நான் ஒரு சிலுவை போட்டுட்டு ருசி பாத்துருவேன். ரெண்டு செகண்டு" அப்படின்னேன். நாங்க கத்தோலிக்கம், அவங்க சி.எஸ்.ஐ.

"அது உங்க முறை பிளாரன்ஸ். எங்களுக்கு அது வராது."

"சரி, எங்க ராயப்பரு கடல்ல முங்கும்போது என்ன ஜெபம் பண்ணாரு?" அவங்க பேதுருன்னு சொல்லுவாங்க, ஆளு ஒண்ணுதான், ஆண்டவரப் பாத்துக் கடல் மேல நடக்கப் போயி முங்கின சீஷரு.

அண்ணாச்சி மனசுக்குள்ள எண்ணினாரு. டாலி கிளார்க்குல்லா. "ஆண்டவரே, என்னை இரட்சியும். மூணு வார்த்தை" அப்படின்னாரு.

"முங்குதவருக்கு மூணு வார்த்தை போதும்னா உங்க புளிக்குழம்புக்குப் போதாதா?"

அன்னையில இருந்து மூணு வார்த்தை. "ஆண்டவரே, இதையும் ஆசீர்வதியும்." உடனே கரண்டியில இருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில. நக்கிப் பாத்துட்டு உப்பு. மறுபடி மூணு வார்த்தை, மறுபடி ஒரு சொட்டு. ஒரு குழம்புக்கு நாலஞ்சு ஜெபம் ஆகும். ஆனா ருசி வந்துட்டு. நான் கேள்வித்தாள வெளிய விட்டுட்டேன்தான். ஒத்துக்கிடுதேன். டீச்சருக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பரிட்சை வாரம் வந்துச்சு. மொத நாள் சாம்பார், பாஸ். ரெண்டாவது நாள் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும், பாஸ். மூணாவது நாள் சொதி. தேங்காப்பால் திரிஞ்சிருமோன்னு நான் இங்கன நின்னு பதறுதேன், அவரு அடுப்பத் தணிச்சுட்டுக் கிண்டாம நிக்காரு. பாஸ். நாலாவது நாள் டீச்சர் பெட்டிக்குள்ள நாலு சேலைய வச்சாங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன், வச்சுட்டு அதுல கைய வச்சபடியே கொஞ்ச நேரம் நின்னாங்க. சந்தோஷம்னா அதுதான் சந்தோஷம். பத்தொம்பது வயசுல எந்திரிச்சு நின்ன பிள்ளை இப்பதான் ஒரு எட்டு எடுத்து வைக்குது.

அஞ்சாவது நாள் அண்ணாச்சி மதிலோரம் நின்னு அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தாரு. தண்ணிய வாழைக்கு ஊத்திக்கிட்டே கேட்டாரு.

"பிளாரன்ஸ், மரியான் கப்பலுக்குப் போனா மொத நாள் நீ எவ்வளவு அரிசி போடுவ?"

நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன்.

"ரெண்டு பேருக்கு" அப்படின்னேன்.

"ஏன்?"

"என்னத்தச் சொல்ல. பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் மொத நாள் கை அப்படித்தான் போகுது. மிச்சத்துக்குத் தண்ணி ஊத்தி வச்சு மறுநாள் பழையது தின்னுவேன்."

அண்ணாச்சி அரிசியப் பாத்துக்கிட்டே நின்னாரு. "நான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன் போல" அப்படின்னாரு. "ஆயிரத்தால வகுத்தேன். ரெண்டாயிரத்தாலல்லா வகுத்திருக்கணும்."

ஆறுதலா எதாவது சொல்லிருக்கணும். நான் எங்கன சொன்னேன், "அந்த அரிசிய ஒழுங்காக் களைங்க, கல்லு கெடக்கும்"னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். எனக்கு அழுகை வந்தா கோவமாத்தான் வரும்.

ஆறாவது நாளும் பாஸ்.

ஏழாவது நாள் மீன் குழம்பு. மீன மட்டும் நான் வாங்கிக் குடுத்தேன், அது பரிட்சைக்குப் பொருள் சப்ளை, சொல்லிக் குடுத்ததுல சேராது. நல்ல நகரை மீன், செவுளு செவசெவன்னு இருந்துச்சு. பதினொரு மணிக்குத் தேங்கா அரைக்கிற சத்தம் கேட்டுச்சு. மாங்கா வெட்டுத சத்தம். பன்னெண்டுக்கு மூணு வார்த்தை கேட்டுச்சு. ஜெயிச்சிட்டாருன்னு நெனச்சேன். மணமே சொல்லுச்சு, மணப்பாட்டுல வச்ச குழம்புன்னு சொன்னாலும் நம்பிருவாங்க.

பன்னெண்டரைக்குக் கிண்ணம் மதில் மேல வந்துச்சு. கைய விட்டு வாயில வச்சேன். கடல்ல மோந்த தண்ணி தோத்துச்சு. அவ்வளவு உப்பு.

கை மறந்து ரெண்டு தடவை போட்டுட்டாரோ, இன்னொரு குழம்பு வைக்க நேரம் இருக்கா, ஒரு உருளைக்கிழங்க வெட்டிப் போட்டா எடுக்குமான்னு நெனச்சுக்கிட்டே செருப்பு கூடப் போடாம ஓடினேன். நான் போகதுக்குள்ள டீச்சர் சாப்பிட உக்காந்துட்டாங்க. தட்டுல சோறு, சோத்து மேல அந்தக் குழம்பு. பிசைஞ்சு வாயில வச்சுக்கிட்டிருந்தாங்க. அண்ணாச்சி பக்கத்துல கரண்டியோட நின்னாரு. அவரு தட்ட எட்டிப் பாத்தேன். மோர் சோறு. குழம்பு ஒரு சொட்டு இல்ல.

அப்ப எனக்கு வெளங்கிட்டு. கை மறக்கல. ருசி பாத்துட்டுத்தான் போட்டிருக்காரு.

"டீச்சர், அந்தக் குழம்பு..."

"உன் மார்க்கக் கடைசியில கேக்கேன். உக்காரு பிளாரன்ஸ்."

உக்காந்தேன். டீச்சர் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாங்க. ரெண்டாவது கவளம், மூணாவது கவளம். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. மீன முள்ளெடுத்து நிதானமாத் தின்னாங்க. இன்னொரு டம்ளர் தண்ணி. பெறகு தட்ட நீட்டினாங்க.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க."

அண்ணாச்சி மோந்தாரு. கரண்டியில பாதி சட்டிக்குள்ளயே விழுந்துட்டு. டீச்சர் தட்ட எடுக்கல, அப்படியே பிடிச்சிருந்தாங்க. அவரு இன்னொரு தடவை மோந்து ஊத்தினாரு. அதையும் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாங்க. மூணாவது டம்ளர் தண்ணியக் குடிச்சிட்டு நோட்ட எடுத்தாங்க.

"உப்பு சரியா இருக்கு. பாஸ். எக்ஸ்டர்னல் என்ன சொல்லுதீங்க?"

நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவரு கரண்டியப் பாத்துக்கிட்டு நின்னாரு. உள்ளதச் சொன்னா ஒரு வார்த்தையில டீச்சர் வீட்டோட இருந்துருவாங்க, அவரும் தனியா இருக்க வேண்டாம். எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல நல்லது செய்ய அங்கன வழியில்ல. பெட்டி மூலையில நிறைஞ்சு இருந்துச்சு.

"பாஸ் டீச்சர்" அப்படின்னேன்.

டீச்சர் எழுதி, கையெழுத்துப் போட்டு, என்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. வாயக் கொப்பளிச்சுட்டு சங்கத்துக்குப் போன் பண்ணி வாரேன்னு சொன்னாங்க. ஜூன் மொத வாரம் ரயில் ஏறிட்டாங்க. ஸ்டேஷன்ல அண்ணாச்சி ஜன்னல் கம்பியப் பிடிச்சு நின்னாரு. வண்டி நகர்ந்தபெறகும் நாலு எட்டு கூடவே நடந்தாரு. அவ்வளவுதான்.

நாலு நாள் கழிச்சு டீச்சர் போன் வந்துச்சு. அண்ணாச்சி மதிலோரம் நின்னு முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாரு. ரெண்டு கையிலயும் கீரை, அதனால போன ஸ்பீக்கர்ல போட்டு மதில் மேல வச்சாரு. நான் ஒட்டுக் கேக்கல. மதில் என்னுதும்தான்.

"என்ன பொங்குனீங்க?"

"சோறு, கீரைக் கூட்டு. இனிமேத்தான்." கொஞ்ச நேரம் கீரைய உருவினாரு. "கிருபை, அந்தக் கடைசி நாள் குழம்பு..."

"தெரியும்."

"இல்ல, மொதல்ல சரியாத்தான் இருந்துச்சு. ஜெபம் பண்ணி ருசி பாத்தேன். பெறகுதான் இன்னும் ஒரு கை..."

"தெரியும்னு சொல்லுதேன்லா. மூணு டம்ளர் தண்ணி குடிச்சேன், தெரியாமலா? பிளாரன்ஸ் சொல்லிக் குடுத்ததும் தெரியும். பன்னெண்டாவது நாளுக்குப் பெறகு உங்க உப்பு மணப்பாட்டு உப்பு."

நான் வாளிய எடுக்குத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"அப்ப ஏன் பாஸ் போட்ட?"

அந்தப் பக்கம் பிள்ளைங்க கத்துத சத்தம் கேட்டுச்சு. டீச்சர் அவங்களை ஒரு அதட்டு அதட்டிட்டுப் பேசினாங்க.

"முப்பத்தஞ்சு வருஷத்துல யாருக்கும் கிரேஸ் மார்க் போட்டதில்ல. உங்க ஒருத்தருக்குத்தான் போட்டிருக்கேன். நீங்க ஃபெயிலானது சமையல்ல இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அந்த ரெண்டாவது கரண்டி இறங்கல, நீங்க பாக்கீங்களேன்னு இறக்கினேன். போகணும்னு இருந்துச்சு, போயிட்டேன். அடுத்த மே மாசம் வருவேன். அதுவரைக்கும் ருசி பாத்துச் சாப்பிடுங்க."

அண்ணாச்சி கையில இருந்த கீரையக் கீழ வச்சாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கிருபைன்னு கூப்பிடுதவரு, "சரி டீச்சர்" அப்படின்னாரு.

பரிட்சை முடிஞ்சு போயிட்டு, ஆனா பன்னெண்டரைக்குக் கிண்ணம் மதில் மேல வந்துச்சு. கூட்டு அருமையா இருந்துச்சு, உப்பு அளவா இருந்துச்சு. கூடவே ஒரு தட்டுல சோறும் வச்சிருந்தாரு, மூடி போட்டு. மூடியத் திறந்து பாத்தேன். அன்னைக்கும் ரெண்டு பேருக்குத்தான் பொங்கியிருக்காரு. ஏற்கெனவே பொங்கி வச்சிருந்த என் சோத்துக்குத் தண்ணிய ஊத்திட்டு, அவரு வச்ச சோத்தச் சாப்பிட்டேன்.